கற்பித்தல் எங்கே முடிகிறது?

தொழில் தெரிந்தவர் எல்லாரும் தொழிலைக் கற்பிக்கத் தெரிந்தவர் அல்லர். பட்டறையாயினும் பண்டகசாலையாயினும் கந்தோராயினும், புதிதாகச் சேர்ந்த ஒருவர் அனுபவமுள்ள ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகிறார். அனுபவசாலி வேலையை ஒரு முறை செய்து காட்டிவிட்டு, "விளங்கியதா?" என்று வினவுகிறார். புதியவர் தலையை அசைக்கிறார். விளங்கவில்லை என்று முதல் நாளிலேயே சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? மறுநாள் பொருள் பழுதாகிறது. அல்லது விரல் யந்திரத்தில் அகப்படுகிறது. அப்பொழுது, "எத்தனை சொல்லியும் இவனுக்கு ஏறவில்லை" என்ற தீர்ப்பு வழங்கப்படுகிறது. பழி முழுவதும் கற்க வந்தவன் தலையிலேயே விழுகிறது. இத்தீர்ப்பு நியாயமானதா என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

இவ்வினாவுக்குரிய விடையை ஒரு யுத்தகால நெருக்கடி தந்தது. 1940ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஆயுதசாலைகளுக்கும் கடற்படைக் கப்பற்றுறைகளுக்கும் கண்ணாடி வில்லை தீட்டுவோர் 350 பேர் தேவைப்பட்டனர். அத்தொழிலில் ஒருவர் தேர்ச்சிபெற ஐந்து ஆண்டுகள் செல்லும் என்பதே அதுவரை இருந்த கணக்கு. யுத்தமோ ஐந்து ஆண்டுகள் காத்திராது. அவ்வாண்டில் அரசாங்கம் நிறுவிய தொழிலகப் பயிற்சிச் சேவை இப்பிரச்சினையைக் கையில் எடுத்தது. வில்லை தீட்டுதலைப் பகுத்துப் பார்த்தபோது, அது ஒரு தனி வேலையன்று, இருபது வேலைகளின் தொகுதி என்பது புலனாயிற்று. அவற்றுட் சிலவற்றுக்கே நெடுநாளைய கைத்திறன் வேண்டும்; ஏனையவற்றைப் புதியவர்களும் விரைவிற் கற்கலாம். அவ்வாறே வேலைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆண்டுக்கணக்காயிருந்த பயிற்சிக்காலம் மாதக்கணக்காகச் சுருங்கிற்று. மனிதர் மாறவில்லை, கற்பிக்கும் முறையே மாறிற்று.

இம்முறைக்கு வித்திட்டவர் சாள்ஸ் அலன் என்ற தொழிற்கல்வி ஆசிரியர். முதலாம் உலக யுத்தத்தின்போது கப்பல் கட்டும் துறைகளுக்கு ஆட்களைப் பயிற்றும் பணியில் ஈடுபட்ட அவர், தம் அனுபவத்தை 1919இல் நூலாக வெளியிட்டார். கற்பவரை ஆயத்தப்படுத்துதல், வேலையை எடுத்துக்காட்டுதல், கற்றதைச் செய்யவைத்தல், செய்ததைச் சோதித்தல் என்பன அவர் வகுத்த நான்கு படிகள். 1940இன் பின்னர் இவையே தொழிலக மேற்பார்வையாளர்களுக்குப் பாடமாயின. பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்கள்; இரண்டிரண்டு மணித்தியாலமாக ஐந்து அமர்வுகள்; மொத்தம் பத்து மணித்தியாலம். அவ்வளவே பாடநெறி.

முதல் அமர்விலே ஒரு செய்முறை நிகழும். மின்விளக்கின் கம்பி, விளக்குத் தாங்கியினுள் நுழையும் இடத்தில் ஒரு முடிச்சு இடப்படுவதுண்டு. கம்பியை எவரேனும் இழுத்தால் அந்த இழுவை உள்ளேயுள்ள இணைப்புகளைத் தாக்காதவாறு காப்பது அம்முடிச்சு. அது பிழைத்தால் இணைப்புக் கழன்று தீயும் மூளலாம். பயிற்றுநர் முதலில் அம்முடிச்சை இடும் விதத்தை வாயினாற் சொல்லுவார், காட்டமாட்டார். கேட்டவருக்கு முடிச்சு வராது. அடுத்து, ஒன்றும் பேசாது கையினாற் செய்துகாட்டுவார். பார்த்தவருக்கும் முடிச்சு வராது. இறுதியில் கற்பவரைத் தம் அருகே நிறுத்தி, ஒவ்வொரு படியாகச் சொல்லியும் காட்டியும், ஏன் அவ்வாறு செய்யவேண்டும் என விளக்கியும் கற்பிப்பார். சிறிது நேரத்தில் முடிச்சு அமைந்துவிடும். சொல்லுதல் மட்டும் கற்பித்தலாகாது. காட்டுதல் மட்டும் கற்பித்தலாகாது என்பதை மேற்பார்வையாளர்கள் தம் கண்ணாலேயே கண்டறிந்தனர்.

அந்த நான்கு படிகளையும் சற்று அணுகி நோக்குதல் தகும். முதலாவது, புதியவரின் அச்சத்தை நீக்கி, அவர் முன்னரே என்ன அறிந்திருக்கிறார் என்பதைக் கேட்டறிதல். எதிரே நிற்பவருக்கு வலம் இடமாகத் தோன்றுமாதலால், அவரைச் சரியான பக்கத்தில் நிறுத்துவதும் இப்படியில் அடங்கும். இரண்டாவது, ஒரே வேளையில் அவர் தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும் எடுத்துக்காட்டுதல். மூன்றாவது, அவரையே செய்யவைத்துப் பிழையை உடனே திருத்துதல்; மீண்டும் செய்யும்போது, செய்வதை அவர் வாயாலேயே விளக்கும்படி கேட்டல். நான்காவது, அவரைத் தனியே வேலையில் அமர்த்தி, ஐயம் எழுந்தால் யாரிடம் செல்லவேண்டும் என்பதைச் சொல்லிவைத்து, அடிக்கடி சென்று பார்த்தல். தேர்ச்சி கூடக் கூட அவ்வருகையைக் குறைத்துக்கொள்ளுதல்.

இவற்றுக்கெல்லாம் முற்பட்ட கடமை ஒன்றுண்டு. பல்லாண்டு பழகிய கை அறிந்ததை வாய் அறிவதில்லை. எந்த இழை முன்னே வரவேண்டும், எவ்வளவு இறுக்கவேண்டும் என்பன போன்ற நுட்பங்கள் அனுபவசாலிக்கு இயல்பாகிவிட்டமையால் அவர் அவற்றைச் சொல்ல மறந்துவிடுகிறார். ஆகையால், வேலையின் படிகளையும், ஒவ்வொரு படியிலும் வேலையை ஆக்கவோ கெடுக்கவோ வல்ல நுட்பத்தையும், ஆபத்து நேரக்கூடிய இடத்தையும் அவர் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளல் வேண்டும். எழுத முயலும்போதுதான் தாம் எதனைச் சொல்லாது விட்டார் என்பது அவருக்கே தெரியவரும்.

1945இல் அச்சேவை நிறுத்தப்படுமுன் 16,000க்கும் மேற்பட்ட தொழிலகங்களில் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர் அதன் பயிற்சிகளில் தேறினர். பின்னர் அமெரிக்கத் தொழிலகங்கள் பலவற்றில் அது மறக்கப்பட்டது. யுத்தத்தால் நலிந்திருந்த யப்பானோ அதனை ஏற்றுப் போற்றியது. 1950களில் டொயோட்டா நிறுவனம் அதனைத் தன் தொழின்முறையோடு இணைத்துக்கொண்டது. ஓரிடத்தில் கைவிடப்பட்ட விதை மற்றோரிடத்தில் மரமாயிற்று.

இன்று பயிற்சிக்குப் பஞ்சமில்லை. மண்டபத்தில் விரிவுரை நிகழ்கிறது; கணினித் திரையில் பாடம் ஓடுகிறது; முடிவிலே சான்றிதழும் கிடைக்கிறது. ஆயினும், 1959இல் டொனால்ட் கேர்க்பற்றிக் என்ற அமெரிக்க அறிஞர் பயிற்சியை மதிப்பிட வகுத்த நான்கு நிலைகளை நினைத்தல் நன்று. பயிற்சி பிடித்ததா, பாடம் மனத்திற் பதிந்ததா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் தொழிலகம் பயன் கண்டதா என்பன அவை. பெரும்பாலான இடங்களில் விசாரணை முதலாம் நிலையோடு நின்றுவிடுகிறது. வகுப்பு இனிமையாக இருந்தது என்ற விடையினால் எந்த யந்திரமும் செவ்வனே ஓடப்போவதில்லை.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று நிருவாகிகள் கேட்கலாம். பழுதான பொருளை மீண்டும் செய்வதற்கும், காயமுற்றவரை வைத்தியசாலைக்கு அனுப்புவதற்கும், மனமுடைந்து விலகியவரின் இடத்துக்கு இன்னொருவரைத் தேடுவதற்கும் எங்கிருந்தோ நேரம் கிடைக்கத்தான் செய்கிறது. அந்நேரத்தில் ஒரு பகுதியை முதல் வாரத்திலேயே மேற்பார்வையாளருக்குக் கொடுத்துவிடுவது சிக்கனமாகும். கற்பிப்பது அவருடைய வேலைக்கு இடையூறன்று. அதுவே அவருடைய வேலை.

கற்க வந்தவர் கற்கவில்லையாயின், கற்பித்தல் இன்னும் முடியவில்லை என்றே கொள்ளல் வேண்டும். "விளங்கியதா?" என்ற கேள்விக்குத் தலையசைப்பு விடையாகாது. ஆசான் அப்பால் நகர்ந்த பின்னர், பார்ப்பார் எவருமில்லாத வேளையில், புதியவரின் கை தானாகவே சரியாகச் செய்கிறதே, அதுவே விடை. கற்பித்தல் அங்கேதான் முடிகிறது.