தண்டவாளமும் வகுப்பறையும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை 1880 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அம் மலைப்பாதையில் உக்குவளைப் பக்கத்து வளைவுகளில் வண்டி மெல்லவே ஊர்ந்து வரும். ஆயினும் அவ்விடத்தில் எழும் கிறீச்சொலி, சமவெளியில் விரைந்தோடும் வண்டியின் இரைச்சலைக் காட்டிலும் காதைத் துளைக்கவல்லது. மெல்லச் செல்லும் வண்டி உரக்க ஒலிப்பது எவ்வாறு?

மாட்டுவண்டியின் சில்லுகள் தனித்தனியே சுழல்வன. புகையிரதத்திலோ இருபுறச் சில்லுகளும் ஓர் அச்சில் இறுகப் பிணிக்கப்பட்டுள்ளன. ஒடுங்கிய வளைவில் அவை பாதையின் போக்குக்கு முற்றாகத் திரும்பமாட்டாமல், தண்டவாளத்தின்மீது பக்கவாட்டில் வழுக்குகின்றன. அவ் வழுக்கலினால் உருக்குச் சில்லு மணியைப்போல் அதிர்கின்றது. உராய்வைத் தணிக்கும் பூச்சினை அவ்விடத்தில் இட்டால் ஓசை பெரிதும் அடங்கும்.

நேரான பாதையில் வேகமே முதற் காரணம். வேகம் இருமடங்கானால் உருளும் ஓசை ஏறத்தாழ 9 டெசிபல் உயரும்; 10 டெசிபல் உயர்வு செவிக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்றும். சில்லும் தண்டவாளமும் வழவழப்பாக இருத்தலும் வேண்டும். வார்ப்பிரும்புத் தடுப்புக்கட்டைகள் சில்லின் முகத்தைச் சொரசொரப்பாக்கி ஓசையைப் பெருக்குகின்றன. பாதையிற் பரப்பிய சரளைக்கல் ஓசையில் ஒரு பங்கினை உறிஞ்சிவிடும். சரளையற்ற இரும்புப் பாலமோ பறைபோல் முழங்கும்.

மாத்தளைப் பாதை போன்ற கிளைப்பாதையில் ஓடும் வண்டிகள் சிலவே. ஆசிரியர் சற்றுப் பொறுத்து, வண்டி போனபின் பாடத்தைத் தொடரலாம். பெருநகரங்களில் சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி வரும்போது அங்ஙனம் பொறுத்திருத்தல் ஏது?

நியூயோர்க் நகரின் மன்ஹாற்றன் பகுதியிலுள்ள 98 ஆம் இலக்கப் பாடசாலைக்கு அருகே, உயர்த்தி அமைத்த பாதையில் நகர வண்டிகள் ஓடின. அங்கே ஆய்வு நடத்திய ஆர்லீன் புரொன்சாவ்ற் என்னும் உளவியல் அறிஞர் 1975 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். பாதைப்புறத்து அறைகளில் பயின்ற ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், அதே கட்டடத்தின் மறுபுறத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தனர். அப் பிள்ளைகளை மந்தபுத்தியினர் என்று எவரேனும் ஏசியிருப்பின், அப்பழி தண்டவாளத்துக்கன்றோ உரியது!

பின்னர் அங்கே தண்டவாளத்தின் கீழ் றப்பர் மெத்தைகள் இடப்பட்டன. வகுப்பறைகளின் உட்கூரையில் ஒலியை உறிஞ்சும் தட்டுகள் பொருத்தப்பட்டன. 1981 இல் வெளிவந்த அடுத்த ஆய்வில், இருபுறத்துப் பிள்ளைகளின் வாசிப்பிலும் வேறுபாடு காணப்படவில்லை.