திண்ணைப் பள்ளியில் சீகன்பால்கு

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

மதராசி கேம்பினின்றும் பெயர்ந்து நரேலாவில் குடியேறி, இவ்விழாவிற்கென்றே நெடுந்தொலைவு பயணம் செய்து வந்திருக்கும் குடும்பத்தினரே!

‘புதிய ஊரில் முதல் நாட்கள்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் எனக்குப் பணித்தார். அவர் இப்பொருளை ஏன் தேர்ந்தார் என்பதை இங்குள்ளோர்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை. ஜங்புராவில், பாராபுல்லா கால்வாய்க் கரையில், பல பத்தாண்டுகளாகத் தமிழர் வாழ்ந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று உயர்நீதிமன்ற ஆணைப்படி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள் அங்கே இருந்தன. அவற்றுள் 215 குடும்பங்களுக்கே நரேலாவில் மாற்று வீடு பெறும் தகுதி உண்டு என்று முடிவாயிற்று. கால்வாயில் அடைப்பு, மழைக்கால வெள்ளம் என்று ஆணைக்குச் சொல்லப்பட்ட காரணங்களை நீங்கள் அறிவீர்கள். அவ்வழக்கை ஆராயும் மேடை இதுவன்று. பிழைப்பு ஜங்புராவிலும் போகலிலும் லஜ்பத் நகரிலும் இருக்க, படுக்கை மட்டும் நகரின் வடகோடியில் அமைந்துவிட்டவர்களின் முதல் நாட்கள் எத்தகையவை என்பதை, அவற்றை வாழ்ந்தவர்களே இங்கு அமர்ந்திருக்க, நான் எடுத்துச் சொல்வது அழகாகாது. ஆதலின் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரையில் வந்திறங்கிய ஓர் அயல்நாட்டு இளைஞரின் முதல் நாட்களைப் பற்றியே பேச எண்ணுகிறேன். அதனின்று நமக்கு வேண்டியது ஒன்று கிடைக்கும் என்பது என் துணிபு.

அறியாத ஊருக்குச் செல்வதையே கடமையாகக் கொண்ட இளைஞர்கள் இன்றும் உளர். அமெரிக்காவின் மார்மன் சபையார், 18 வயது நிரம்பிய பிள்ளைகளையும் இருவர் இருவராக உலகெங்கும் அனுப்புகின்றனர். சில வாரங்கள் மொழிப் பயிற்சி. பின்னர் ஒரு பகுதி. சில மாதங்கள் சென்றதும் வேறொரு பகுதி. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அவர்களுக்கு முதல் நாட்கள் மீண்டும் தொடங்குகின்றன. அச்சபையைச் சேர்ந்த ரிச்சர்டு பாலண்டைன் என்பவர் 1853-ஆம் ஆண்டிலேயே சென்னைக்கு வந்தவர். அடுத்த ஆண்டே திரும்பிவிட்டார். ஆங்கிலம் அறிந்தாரிடையே ஆங்கிலத்தில் பேசிய பணி அது. நம் மொழியில் அதன் தடம் காண்பது அரிது. அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னே வந்த இளைஞரோ நம் மொழி வரலாற்றில் நிலைத்துவிட்டார். அவரே பர்த்தலோமேயு சீகன்பால்கு.

செருமனி நாட்டில், சாக்சனியைச் சேர்ந்த புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். ஹாலே நகரில் பயின்று, டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கின் ஆணை பெற்று, தம்மினும் சில ஆண்டு மூத்த ஹென்ரிக் புளுட்சோவுடன் 1705-ஆம் ஆண்டின் இறுதியில் கப்பலேறினார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்து, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கினார். அப்போது அவர் வயது 24-ஐ ஒட்டியிருந்தது.

அரசாணையோடு வந்தவர்க்கு அரச வரவேற்பு இருந்திருக்கும் என்று நீங்கள் எண்ணக்கூடும். நடந்தது அதுவன்று. தரங்கம்பாடிக் கோட்டை 1620 முதல் டேனியருடையது. அதன் தலைவர் ஹாசியுஸ் வணிகத்தையே பெரிதெனக் கருதியவர். இவ்விரு பாதிரிமாரும் ஊர் அமைதியைக் குலைப்பர் என்று அவர் அஞ்சினார். வெயிலில் பல மணி நேரம் காக்க வைத்தார். பிறகு கடைத்தெருவில் நிறுத்திவிட்டுத் தம் வழியே போய்விட்டார். பொழுது சாய்ந்தது. தங்க இடமில்லை; கேட்க மொழியில்லை. இரக்கங்கொண்ட ஒருவர் உதவியால் அன்றிரவு தலைசாய்க்க ஓரிடம் கிடைத்தது. பிற்காலத்தில் இதே ஹாசியுஸ் அவரை நான்கு மாதம் சிறையிலும் அடைத்தார். அது வேறு கதை.

அடுத்து அவர் செய்ததே நாம் கருதத்தக்கது. அங்காடியிலும் ஐரோப்பியர் வீடுகளிலும் வழங்கிய போர்த்துகீசிய மொழியைக் கற்றால் அலுவல் நடந்துவிடும். புளுட்சோ அதனை மேற்கொண்டார். சீகன்பால்கோ ஊர்மக்கள் வீட்டில் பேசும் மொழியையே விரும்பினார். அம்மொழியின் பெயரைக்கூட ஐரோப்பியர் சரியாக அறியவில்லை. தமிழை ‘மலபார்’ மொழி என்றனர், தமிழரை ‘மலபாரிகள்’ என்றனர். இதைக் கேட்டு நாம் நகைக்க வேண்டா. சென்னை மாநிலம் 1969-இல் தமிழ்நாடு என்னும் பெயர் பெற்ற பின்னும், தலைநகரில் நம்மவர் குடியிருப்புக்கு நிலைத்த பெயர் ‘மதராசி’ கேம்ப் என்பதன்றோ? வந்தவனுக்கு மற்றவர் சூட்டும் பெயர் எளிதில் உதிர்வதில்லை.

இலக்கண நூல் ஏதும் அவர் கையில் இல்லை. ஊரில் திண்ணைப் பள்ளி நடத்திவந்த முதியவர் ஒருவரை வேண்டி, அப்பள்ளியையே தம் வீட்டிற்கு மாற்றிக்கொள்ளச் செய்தார். சிறுவர்கள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுத்தை எழுதி, உரக்க ஒலித்துக் கற்றனர். அவர்கள் நடுவே இந்த ஐரோப்பியரும் சம்மணமிட்டு அமர்ந்தார். ‘அ’ என்று அவர்கள் எழுதினால் இவரும் எழுதினார். அவர்கள் ஒலித்தால் இவரும் ஒலித்தார். வேதம் போதிக்க வந்தவர் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு மாணவராக இருந்த அக்காட்சியை எண்ணிப் பாருங்கள்! நகைத்த பிள்ளைகளும் இருந்திருப்பர்.

எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி தெரியாது. ஆகவே, கும்பினியாரிடம் மொழிபெயர்ப்பாளராய் இருந்து, போர்த்துகீசியம், டேனிஷ் முதலியன அறிந்த அழகப்பன் என்பவரைத் துணையாகக் கொண்டார். அதன்பின் அவர் உழைத்த உழைப்பு வியப்பிற்குரியது. காலையில் முதல் வேலை சொற்களை ஓதி நினைவிற் கொள்வது. நண்பகல் வரை ஒரு புலவரையும் ஓர் எழுத்தரையும் அருகிருத்தி ஏடு வாசிப்பது. உண்ணும்போதும் ஒருவர் படிக்க இவர் கேட்பார். இரவில் கண்ணுக்கு ஓய்வு வேண்டி, பிறரைப் படிக்கச் செய்து செவியால் கற்பார். எட்டுத் திங்களில் தமிழில் பேசவும் எழுதவும் வல்லவரானார் என்பர்.

இதனால் விளைந்தவற்றுள் சிலவற்றையேனும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1708-க்குள் தாம் திரட்டிய 119 தமிழ் நூல்களுக்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார். உலகநீதியையும் கொன்றைவேந்தனையும் செருமன் மொழியில் பெயர்த்தார். தமிழில் அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715 ஆண்டுகளில் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகள் மிகப் பெரியனவாய்த் தாளை விழுங்கியமையால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயம் அதற்கு உதவிற்று என்பது சுவையான செய்தி. 1716-இல் அவருடைய தமிழ் இலக்கணம் ஹாலேயில் வெளிவந்தது. 1719-இல், 40 வயதைக் காணாமலே மறைந்தார்.

வருவதற்கு முன் நம் மக்களை அறிவும் ஒழுங்கும் அற்றவர் என்றே அவர் கருதியிருந்தார். மொழி கற்றபின் அக்கருத்தை மாற்றிக்கொண்டதாகத் தாமே எழுதியிருக்கிறார். நம் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் எழுதிய நூலை ஹாலே பெரியோர் விரும்பவில்லை. அஃது 1867-இல் தான் சென்னையில் அச்சேறியது. அவர் சமயம் நம்மில் பலருக்கு உடன்பாடன்று. அவர் நம் வழிபாட்டைக் கண்டித்தவர் என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆயினும் மணலில் அமர்ந்து எழுத்துக் கற்றவரிடம் எனக்கு மதிப்புண்டு.

இனி நம் செய்திக்கு வருவோம். கேம்பிற்கு வந்த நம் தாய்மார்கள் இந்தி கற்றதும் இவ்வாறுதான். அவர்களுக்கு வாத்தியாரும் இல்லை, அழகப்பனும் இல்லை. பிறர் வீட்டு அடுக்களையே பள்ளி. ஜாடு என்றால் துடைப்பம், பர்த்தன் என்றால் பாத்திரம். ‘கல்’ என்னும் ஒரு சொல்லே நேற்றையும் நாளையையும் குறிக்கும் விந்தையை, ஏச்சுக் கேட்டே கற்றவர்கள் எத்தனை பேர்! அவர்களை மன்னர் அனுப்பவில்லை, வயிறு அனுப்பிற்று. அவர்களுடைய எட்டுத் திங்கள் உழைப்பை எவரும் நூலில் எழுதவில்லை.

கற்க வேண்டியதை அவர்கள் கற்றுவிட்டார்கள். அவர்தம் பிள்ளைகளின் நிலையே எனக்குக் கவலையளிக்கிறது. லோதி எஸ்டேட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருந்தமையால், கேம்புப் பிள்ளைகள் பலர் தமிழெழுத்தை அறிந்தனர். நரேலாவில் அக்கழகத்திற்குப் பள்ளி இல்லை. அருகிலுள்ள பள்ளியில் இந்தி உண்டு; ஆங்கிலம் உண்டு. இன்று மூன்று வயதுள்ள குழந்தை தமிழைப் பேசும். ஊரிலிருக்கும் பாட்டி எழுதும் ஒரு வரியைப் படிக்க மாட்டாது. பள்ளிக் கட்டடம் வேண்டும், அரசு அனுமதி வேண்டும் என்று நாம் விண்ணப்பம் எழுதலாம், எழுதவும் வேண்டும். அது கைகூடுவதற்குள் அக்குழந்தைக்குப் பத்து வயதாகிவிடும்.

தரங்கம்பாடி வாத்தியார் என்ன செய்தார்? தம் பள்ளியைத் தூக்கிக்கொண்டு புதிதாய் வந்தவர் வீட்டிற்கே சென்றார். நம் சங்கமும் அதனைச் செய்யலாகாதா? ஞாயிறுதோறும் இருவர் நரேலாவிற்குச் செல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் போதும். இருவர் என்று நான் சொல்வதற்குக் காரணம், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் வகுப்பு நிற்கலாகாது என்பதே. எட்டுப் பேர் முன்வந்தால், ஒருவர்க்குத் திங்களுக்கு ஒரு ஞாயிறுதான் வரும். பேருந்துச் செலவைச் சங்கம் ஏற்க வேண்டுமென்று தலைவரை இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். வீடு கிடைக்காமல் வேறிடங்களில் வாடகைக்குச் சிதறியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளை எங்கே கூட்டுவது என்பதையும் செயற்குழு ஆராய வேண்டும். அது கடினமானது, இன்றே முடிவு சொல்ல இயலாது.

வாயிலருகே ஓர் ஏடு வைக்கப்பட்டிருக்கிறது. செல்ல இயன்றவர்கள் தம் பெயரையும், திங்களில் எந்த ஞாயிறு வசதி என்பதையும் அதில் எழுதிச் செல்லுங்கள். நரேலாவிலிருந்து வந்துள்ள தாய்மார்கள், எந்தக் கட்டடத்தில் எத்தனை பிள்ளைகள் உளர் என்பதைச் செயலாளரிடம் சொல்லிவிட்டே உணவருந்தச் செல்ல வேண்டும். கரும்பலகைக்குக் காத்திருக்க வேண்டா. மணல் கிடைக்காவிடில் ஒரு தாம்பாளமும் இரண்டு படி பச்சரிசியும் கொண்டு வாருங்கள்.