ஒரு பக்கம், பல திரைகள்



கொல்லிமலையைப் பேசுவோர் வல்வில் ஓரியைப் பேசாதிருத்தல் அரிது. அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்ததை வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாடலில் பாடியுள்ளார். கைப்பேசி, கைக்கணினி, மேசைக்கணினி என அளவால் வேறுபட்ட கருவிகள் அனைத்திற்கும் ஒரே வலைச்செயலியை ஆக்கக் கற்கும் இளைஞர் முன்னுள்ள பணியும் ஏறத்தாழ இத்தகையதே. உவமை ஓரளவே பொருந்தும். அம்பு வளையவில்லை, பக்கமோ வளைந்தாக வேண்டும்.

வளைவதற்குரிய நெறியை 2010இல் ஈதன் மார்கோட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் வகுத்துரைத்தார். பக்கத்தின் அகலத்தை நிலையான அளவாக வையாமல் விழுக்காட்டில் அமைத்தல், படங்களைத் திரைக்கேற்பச் சுருங்க விடுதல், திரையின் அகலத்தை வினவி ஒப்பனையை மாற்றுதல் ஆகியவை அந்நெறியின் கூறுகள். பின்னர் வந்த மற்றொரு வசதி மலைவாழ் மக்களுக்குப் பெரிதும் உதவக்கூடியது. உலாவியின் பின்னணியில் இயங்கும் சிறுநிரல் ஒன்று, முன்பு வந்த பக்கங்களைக் கருவியிலேயே சேமித்து வைத்து, இணைப்பு அறுந்த வேளையில் எடுத்துக் கொடுக்கிறது.

இவை எம்மொழிக்கும் பொது. தமிழுக்கென்று தனி இடர்கள் உண்டு. ஒருங்குறியில் 'கெ' என்னும் எழுத்து, ககரத்தின் பின் ஒற்றைக்கொம்பு வருமாறு சேமிக்கப்படுகிறது; கொம்பை முன்னே நிறுத்திக் காட்டுவது கருவியின் கடமை. அத்திறன் இல்லாத பழைய கைப்பேசிகளில் கொம்பு இடம் மாறித் தோன்றும். சிலவற்றில் வெறுங்கட்டங்களே தோன்றின. நம் சொற்களின் நீளமும் ஓர் இடரே. ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பொத்தானில் 'பதிவிறக்குக' என்பது அடங்காது. ஆதலின் பயில்வோர் ஆங்கில எழுத்தை வைத்து அளந்துவிட்டுத் தமிழைப் பின்னர் ஊற்றுதல் தகாது.

கவிஞர்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது அடிமுறிவு. ஓலைச்சுவடியில் செய்யுள் அடிபிரியாமல், உரைநடைபோலத் தொடர்ந்து எழுதப்பட்டது. ஓலையின் அகலமும் ஒரு திரைதானே! எனினும் அடி அழியவில்லை. எதுகையும் மோனையும் சீரெண்ணிக்கையும் அதனைக் காத்து நின்றன. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் போன்றோர்க்கு யாப்பே துணை நின்றது. புதுக்கவிதைக்கு அத்தகைய காவல் இல்லை. கவிஞர் எந்தச் சொல்லில் வரியை நிறுத்தினார் என்பதற்கு அச்சிட்ட வடிவம் ஒன்றே சான்று. குறுகிய திரையில் வரி தானாக மடங்கினால், கவிஞர் முறித்த இடமும் கருவி முறித்த இடமும் ஒன்றுபோலத் தோன்றும். படிப்பவர் கருவியின் மௌனத்தைக் கவிஞரின் மௌனம் என்று கொள்வார்.

இதற்குத் தீர்வு கடினமன்று. கவிஞரின் வரி ஒவ்வொன்றையும் தனித்தனிக் கூறாகக் குறித்து, மடங்கிய பகுதியை மட்டும் சற்று உள்தள்ளிக் காட்டுமாறு ஒப்பனையில் எழுதினால் போதும். நூற்பதிப்பாளர் நெடுங்காலமாகக் கையாண்ட முறைதான் இது. ஆனால் உள்தள்ளலையே பொருளாக ஆளும் கவிஞர்களும் உளர். அவர்தம் கவிதைக்கு மடிப்பை வேறோர் அடையாளத்தால் காட்டுவதா, எழுத்தைச் சிறிதாக்குவதா, கருவியைக் கிடையாகத் திருப்புமாறு படிப்பவரைக் கேட்பதா என்பதை நிரல் எழுதுவோர் தாமே முடிவு செய்தல் முறையன்று. கவிஞரிடம் கேட்டே செய்தல் வேண்டும்.