கட்டுமரத்திலும் புறப்படத் தயார்



யோவான் நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில், இறுதி இரா உணவு வேளையில், ஆண்டவர் தாம் போகவிருப்பதைப் பற்றிச் சீடர்களிடம் பேசுகிறார். அப்போது தோமா மனத்தில் பட்டதை அப்படியே கேட்டுவிடுகிறார்: நீர் எங்கே போகிறீர் என்பதே தெரியாதபோது, போகும் வழி மட்டும் எங்களுக்கு எப்படித் தெரியும்? நியாயமான கேள்விதான். ஆனால் இயேசு அவருக்குப் பாதையை விவரிக்கவில்லை. தாமே வழி என்கிறார். வழி கேட்டவருக்கு வழித்துணையாகத் தம்மையே தருகிறார்.

அதே தோமாவின் கல்லறையருகே, நம் மயிலாப்பூரில், 1545ஆம் ஆண்டு இன்னொருவர் வழி தெரியாமல் மண்டியிட்டார். அவர் புனித பிரான்சிஸ் சவேரியார். அப்போது அவருக்கு வயது 39.

அவர் இங்கே வந்தது திட்டமிட்டு அன்று. மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற நூற்றுக்கணக்கானோரை யாழ்ப்பாண அரசன் கொன்றிருந்தான். அவன்மேல் போர்த்துக்கீசியர் படையெடுப்பார்கள் என்று நம்பி, சவேரியார் நாகப்பட்டினத்தில் காத்திருந்தார். அந்த நேரத்தில் போர்த்துக்கீசியரின் சரக்குக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டியது. சரக்கு அரசன் கைக்குப் போயிற்று. அதை மீட்பதே பெரிதென்று படையெடுப்பைக் கைவிட்டார்கள். சரி, தெற்கே தம் மக்களிடம் திரும்புவோம் என்றால், காற்றும் இடம் கொடுக்கவில்லை. இரண்டு கதவுகளும் அடைபட்ட நிலையில்தான் சாந்தோம் வந்து சேர்ந்தார்.

இன்று நாம் காணும் உயர்ந்த கோபுரம் கொண்ட பேராலயம் அன்று இல்லை, சிறிய ஆலயம்தான். பங்குத் தந்தையின் இல்லத்தில் தங்கி, ஏறக்குறைய நான்கு மாதங்கள், அடுத்து எங்கே போவது என்று இறைவனிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த நாள்களில் கையைக் கட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கவில்லை. ஒப்புரவு அருளடையாளம் வழங்கினார், மக்களோடு பழகினார். இங்கே அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்த ஒரு வணிகர், தம் கப்பலையும் சரக்கையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு அவரோடு புறப்பட முன்வந்தார்.

செபத்தில் சவேரியாருக்குத் தெளிவு கிடைத்தது. மலாக்கா வழியாக மக்காசார் தீவுக்குப் போக வேண்டும். மே மாதம் 8ஆம் நாள் இங்கிருந்து எழுதிய கடிதத்தில், இந்த ஆண்டு கப்பல் எதுவும் கிடைக்காமல், கட்டுமரம் ஒன்று மட்டும் புறப்பட்டாலும் இறைவனை நம்பி அதில் ஏறிவிடுவேன் என்ற பொருளில் எழுதுகிறார். நம் கடற்கரையில் பார்த்த கட்டுமரத்தையே அவர் தம் நம்பிக்கைக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டார்.

பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கட்டுமரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சில மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டியதுதான் அது. அதில் போகிறவர் நனையாமல் கரை சேர முடியாது. அலை மேலே ஏறும். தண்ணீர் இடுக்கு வழியே வந்து இடுக்கு வழியே போய்விடும். ஆனால் அது மூழ்காது. இறைவனிடம் தம்மைக் கையளித்தவரின் வாழ்வும் அப்படித்தான். நனையமாட்டாய் என்று அவர் வாக்களிக்கவில்லை. உன்னோடு இருப்பேன் என்றுதான் வாக்களித்தார்.

சவேரியார் செப்டம்பர் இறுதியில் மலாக்கா போய்ச் சேர்ந்தார். ஆனால் மக்காசாருக்கு அவர் கடைசிவரை போகவே இல்லை! அங்கிருந்து அம்போன், மொலுக்கா தீவுகளுக்குப் போனார். மலாக்காவுக்குத் திரும்பியபோது, 1547இல், ஜப்பானியர் ஒருவரைச் சந்தித்தார்; அந்தச் சந்திப்பே 1549இல் அவரை ஜப்பானுக்குக் கொண்டுபோனது. 1552 டிசம்பர் 3ஆம் நாள், சீனாவுக்குள் நுழையக் காத்திருந்த நிலையில், கரைக்கு அருகிலுள்ள ஒரு தீவில் இறந்தார். சாந்தோமில் அவருக்குக் கிடைத்தது முழுப் பயணத்திற்கான வரைபடம் அன்று. அடுத்த அடிக்கான வெளிச்சம் மட்டுமே.

அன்பர்களே, அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை வராந்தாவில் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் தாய், தேர்வு எழுதி எழுதி வயது ஏறிக்கொண்டிருக்கும் இளைஞர், வரன் தள்ளிப்போகும் மகளைப் பார்த்துத் தூக்கமிழந்த தந்தை, இவர்களிடம் போய், நம்புங்கள், நினைத்தது நடக்கும் என்று சொல்வது எளிது. நற்செய்தி அப்படிச் சொல்லவில்லை. கெத்சமனியில் துன்பக்கிண்ணம் அகலவேண்டும் என்று இயேசுவே மன்றாடினார். அது அகலவில்லை. ஆனாலும் தந்தையின் கையை அவர் விடவில்லை. தந்தையும் அவரைக் கல்லறையில் விட்டுவிடவில்லை.

ஆகவே கேளுங்கள், அழுங்கள், வேண்டியதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். மருந்தையும் முயற்சியையும் விடாதீர்கள். சரணடைதல் என்பது சோம்பல் அன்று. கதவு ஏன் அடைபட்டது என்ற கேள்விக்கு இன்று பதில் வராமல் போகலாம். காத்திருக்கும் இந்த நாளில் என் பக்கத்தில் இருப்பவர் யார், அவருக்கு நான் என்ன செய்யலாம் என்ற கேள்விக்குப் பதில் இன்றே கிடைக்கும். உங்களோடு அதே வராந்தாவில் காத்திருக்கும் ஒருவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுப்பதாகவும் அது இருக்கலாம்.

செபிப்போமாக: ஆண்டவரே, வழி தெரியாதபோது நீரே எங்கள் வழி. முழுப் பயணத்தையும் காட்டும்படி கேட்கவில்லை. இன்றைய அடியை உம்மோடு எடுத்துவைக்க அருள்தாரும். புனித தோமையாரே, புனித சவேரியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். ஆமென்.