இளஞ்சூடு தேடி வரும் மனாட்டி: வருத்தாமல் பார்த்து வருவோம்

(எமது வானொலியில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



மார்கழி விடுமுறை நெருங்கினால் எங்கள் வீடுகளில் ஒரு கதை கட்டாயம் நடக்கும். இந்தக் குளிரை விட்டு ஒரு கிழமைக்காவது எங்கேயாவது போய் வருவோமா என்பதுதான் அந்தக் கதை. ரொறன்ரோவிலிருந்து இரண்டு நாள் வாகனம் ஓடி புளோரிடாவுக்குப் போய் வந்த குடும்பங்கள் எங்களுக்குள் ஏராளம். பிள்ளைகளுக்கு டிஸ்னி, பெரியவர்களுக்கு வெயில், வழியில் ஒரு கோவில். அதோடு பயணம் முடிந்துவிடும்.

அந்தப் பயணத்தில் ஒரு நாளை வேறு ஒன்றுக்கு ஒதுக்கச் சொல்லித்தான் இன்று கதைக்க வந்திருக்கிறேன். ஓர்லாண்டோவிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்துக்குள், கூண்டும் கட்டணக் காட்சியும் இல்லாமல், காட்டு விலங்காகவே மனாட்டியைப் பார்க்கலாம். ஆனால் எப்படிப் பார்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் ஒரு மணித்தியாலச் சந்தோசம் அந்த விலங்கின் உயிருக்கு உலையாகிவிடக் கூடாது.

மனாட்டி என்பது மீன் அல்ல. பால் கொடுத்துக் குட்டி வளர்க்கிற விலங்கு. வளர்ந்த ஒன்று ஏறக்குறைய 3 மீற்றர் நீளமும் 450 கிலோவுக்கு மேல் எடையும் இருக்கும். அவ்வளவு பெரிய உடம்பு இருந்தும் அது தின்பது புல்லும் நீர்த்தாவரங்களும்தான். இன்று உயிரோடு இருக்கிற விலங்குகளில் அதற்கு மிக நெருங்கிய சொந்தங்களில் ஒன்று யானை. முன் துடுப்பைக் கவனித்துப் பார்த்தால் யானைக் கால் நகம்போலச் சிறு நகங்கள் தெரியும். வால் அகப்பை மாதிரி வட்டமாக இருக்கும்.

மன்னார்ப் பக்கத்துப் பெரியவர்கள் இதைக் கேட்டதும் "இது எங்கட கடற்பசு எல்லோ" என்பார்கள். ஒரே குடும்பம் அல்ல, ஆனால் நெருங்கிய உறவு. எங்கள் கடலில் இருப்பது ஆவுளியா. அதன் வால் திமிங்கிலத்தின் வால்போல நடுவில் பிளந்திருக்கும். ஆவுளியா கடலை விட்டு வராது. மனாட்டியோ கடலிலும் ஆற்றிலும் மாறி மாறி வாழும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மனாட்டி ஏன் குளிர்காலத்தில் ஊற்றுகளுக்கு வருகிறது?

அதன் உடம்பைப் பார்த்தால் கொழுப்பு நிறைய இருக்கும் என்றுதான் நினைப்போம். உண்மை அப்படியல்ல. திமிங்கிலத்துக்கு இருப்பதுபோன்ற தடித்த கொழுப்புப் படை இதற்கு இல்லை. உடம்பு சூட்டை உண்டாக்கும் வேகமும் குறைவு. தண்ணீர் 20 பாகை செல்சியசுக்குக் கீழே போய் அப்படியே நாட்கணக்கில் நின்றால் மனாட்டி தாங்காது. முதலில் சாப்பிடுவதை நிறுத்தும். தோலில் புண் வரும். பிறகு நோய் பிடித்து இறந்துபோகும். 2010ஆம் ஆண்டு தொடக்கத்தில் புளோரிடாவில் நீண்ட குளிர் அடித்தபோது நூற்றுக்கணக்கான மனாட்டிகள் அப்படித்தான் இறந்தன.

அதனால்தான் அவை ஊற்றுகளைத் தேடி வருகின்றன. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். புளோரிடாவின் நிலமும் எங்கள் குடாநாடு மாதிரிச் சுண்ணாம்புக்கல் நிலம். மழைநீர் கல்லுக்குள் இறங்கி, நிலத்தடியில் ஓடி, கீரிமலையில் கடலோரத்தில் வருவதுபோல ஓரிடத்தில் பொங்கி வருகிறது. கன்னியா வெந்நீர்போல அது சுடாது. வருடம் முழுக்க ஏறக்குறைய 22 பாகையில் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் வெளியே ஆறும் கடலும் குளிர்ந்து கிடக்கும்போது அந்த 22 பாகைதான் மனாட்டிக்கு உயிர்.

ஆகவே நேயர்களே, ஊற்றுக்கு வந்து கிடக்கும் மனாட்டி எங்களுடன் விளையாட வரவில்லை. அது அடைக்கலம் தேடி வந்திருக்கிறது. பத்துப் பேர் சுற்றி வளைத்துக் கையடித்துக் காலடித்தால் அது எழும்பி வெளியே, குளிர்ந்த தண்ணீருக்குப் போய்விடும். நாங்கள் படத்தை எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்குத் திரும்பிவிடுவோம். அது குளிருக்குள் நிற்கும். ஒதுங்கிய இடத்திலிருந்தும் கலைக்கப்படுவது எப்படியிருக்கும் என்று எங்கள் சனத்துக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

சரி, எப்போது போகலாம்? கார்த்திகை நடுப்பகுதியிலிருந்து பங்குனி முடிவு வரை மனாட்டிக் காலம். அதிலும் தை, மாசி மாதங்கள் நல்லவை. மார்கழி விடுமுறையில் போகிறவர்கள், போகும் நாளை முன்கூட்டி இறுக்கி வைக்காமல் காலநிலை அறிக்கையைப் பாருங்கள். குளிர் அடித்த மறுநாள் காலையில்தான் அவை கூட்டமாக இருக்கும். வெயில் ஏறியதும் பல தீனிக்காக வெளியே போய்விடும். பங்குனிப் பள்ளி விடுமுறைக்குள் தண்ணீர் சூடாகிவிட்டால் ஒன்றிரண்டைத்தான் காணலாம். பிள்ளைகளுக்கு அதை முன்னரே சொல்லி வையுங்கள். காட்டு விலங்கு எங்கள் நேரசூசிக்கு வராது.

எங்கே போகலாம்? முதலில் நான் சொல்வது புளூ ஸ்பிறிங் மாநிலப் பூங்கா. ஓர்லாண்டோவுக்கு வடக்கே, ஒறேஞ் சிற்றி என்ற ஊரில் இருக்கிறது. மனாட்டிக் காலத்தில் அங்கே ஒருவரும் ஊற்றுத் தண்ணீரில் இறங்க முடியாது. கரையோரமாகப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். மேலே நின்று பார்த்தால் கண்ணாடிபோன்ற தண்ணீரில் தாயும் குட்டியும் கிடப்பது தெளிவாகத் தெரியும். 1970களின் தொடக்கத்தில் அந்த ஊற்றுக்கு வந்தவை சில பத்துக்குள்தான். 1972இல் அரசு அந்த இடத்தைப் பூங்காவாக எடுத்தது. 2024 தை மாதத்தில் ஒரே நாளில் 900க்கு மேற்பட்ட மனாட்டிகளை அங்கே எண்ணினார்கள். இந்தப் பெருக்கத்துக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனாலும் தொந்தரவில்லாத ஓர் இடம் கிடைத்ததும் அவற்றில் ஒன்று.

டாம்பா பக்கம் போகிறவர்களுக்கு அப்பலோ பீச்சில் ஒரு பார்வையிடம் இருக்கிறது. அங்கே மின்நிலையத்திலிருந்து வெளிவரும் சூடான தண்ணீருக்கு மனாட்டிகள் வருகின்றன. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. கார்த்திகை முதலாம் திகதியிலிருந்து சித்திரை நடுப்பகுதி வரைதான் திறந்திருக்கும். ஹோமோசாசா ஸ்பிறிங்ஸ் பூங்காவில் காயப்பட்ட மனாட்டிகளைப் பராமரிக்கிறார்கள். அதனால் கோடையில் போகிறவர்களும் அங்கே பார்க்கலாம். அம்மம்மா, அப்பப்பா, தள்ளுவண்டியில் குழந்தை என்று போகும் குடும்பங்களுக்கு இப்படியான இடங்களே போதும். எதற்கும் வெளிக்கிட முன் திறந்திருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் இறங்கித்தான் பார்க்க வேண்டும் என்றால் அதற்கான இடம் மேற்குக் கரையில் உள்ள கிறிஸ்டல் றிவர். அங்கே கிங்ஸ் பே என்ற குடாவும் த்றீ சிஸ்டர்ஸ் என்ற ஊற்றும் உண்டு. 1983இலிருந்து அது மனாட்டிக்கென்றே ஒதுக்கிய தேசிய வனவிலங்குப் புகலிடம். வழிகாட்டிகள் படகில் கூட்டிப்போவார்கள். முற்பதிவு செய்யும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வழிகாட்டி எங்களோடு தண்ணீரில் இறங்குவாரா? ஒரு குழுவில் எத்தனை பேர்? மனாட்டியைத் தொடலாமா? மூன்றாவது கேள்விக்கு "ஓம், தொட்டுப் பார்க்கலாம்" என்று ஆசை காட்டினால் அந்தப் படகை விட்டுவிடுங்கள். "தொடக் கூடாது, அமைதியாக மிதந்து பார்க்கலாம்" என்பவரே சரியான ஆள்.

தண்ணீருக்குள் சில ஒழுங்குகள் உண்டு. மிதக்கும் உடுப்பைப் போட்டுக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்து, அசையாமல் மிதவுங்கள். காலை உதறினால் அடிச்சேறு கிளம்பும், விலங்கும் மிரளும். கயிறு கட்டி மறித்த பகுதிக்குள் போகாதீர்கள். அடியில் உறங்கும் மனாட்டியை நோக்கி மூழ்காதீர்கள். அது மூச்சு விட மேலே வர வேண்டும். பாதையை மறிக்காதீர்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் ஒருபோதும் போகாதீர்கள். குட்டி ஒன்று இரண்டு வருடம் தாயோடு திரிந்துதான் எந்த ஊற்று, எந்த வழி என்று பழகுகிறது. தாய் அடுத்த குட்டி போட இரண்டு முதல் ஐந்து வருடம் எடுக்கும். ஒன்றை இழந்தால் அது சின்ன நட்டமல்ல. ஒரு மனாட்டி தானாகவே உங்களிடம் வந்தால் கையை மடக்கிக்கொண்டு பார்த்திருங்கள். வருவதும் போவதும் அதன் விருப்பம்.

அடுத்தது சாப்பாடு. வந்த உயிருக்கு ஏதாவது கொடுக்காமல் அனுப்ப எங்கள் ஆட்களுக்கு மனம் வராது. கோவில் மாட்டுக்குப் பழம் கொடுத்த கைகள் அல்லவா? ஆனால் மனாட்டிக்கு இலை, பாண், எதுவும் கொடுக்கக் கூடாது. குழாய்த் தண்ணீர் காட்டுவதும் குற்றம். மனாட்டிக்கு நன்னீர் விருப்பம்தான். ஆனால் மனிதர் கொடுத்துப் பழக்கினால் அது படகுத் துறைகளிலேயே காத்துக் கிடக்கும். அங்கேதான் படகின் காற்றாடி அதன் முதுகைக் கிழிக்கும். ஆராய்ச்சியாளர்கள் ஒரு மனாட்டியை மற்றதிலிருந்து பிரித்து அறிவதே அந்த வெட்டுத் தழும்புகளை வைத்துத்தான் என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நீங்களே படகு வாடகைக்கு எடுத்தால் மெதுவாகப் போகச் சொல்லும் பலகைகளை மதியுங்கள்.

சட்டமும் இறுக்கமானது. 1972ஆம் ஆண்டின் கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டமும், 1978ஆம் ஆண்டின் புளோரிடா மாநிலச் சட்டமும் மனாட்டியைத் துன்புறுத்துவதைத் தடை செய்கின்றன. மாநிலச் சட்டப்படி 500 டொலர் வரை தண்டமும் 60 நாள் வரை சிறையும் கிடைக்கலாம். மத்திய சட்டத்தின் கீழ் தண்டனை இதைவிடக் கூட. குடியுரிமை அலுவல் முடியாமல் இருப்பவர்களுக்கு வேற்று நாட்டில் ஒரு வழக்கு என்பது விளையாட்டல்ல. காயப்பட்டதோ, தாயில்லாத குட்டியோ கண்ணில் பட்டால் நீங்கள் தொடாமல் 1-888-404-3922 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். அது புளோரிடா வனவிலங்கு ஆணையத்தின் இலக்கம்.

பயண அலுவலிலும் ஒரு சொல். கனேடியக் கடவுச்சீட்டு எடுக்காத நிரந்தர வதிவாளர்களில் பலருக்கு அமெரிக்க விசா வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஆகவே முதலில் விசா, பிறகு முற்பதிவு. வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் பயண மருத்துவக் காப்புறுதி எடுக்காமல் எல்லையைத் தாண்ட வேண்டாம்.

இவ்வளவு கவனம் ஏன் என்று சிலர் கேட்கலாம். 2021ஆம் ஆண்டு மட்டும் புளோரிடாவில் ஏறக்குறைய 1,100 மனாட்டிகள் இறந்தன. கிழக்குக் கரையில் இந்தியன் றிவர் என்ற உப்பேரியில் வீட்டுக் கழிவும் பசளையும் சேர்ந்து பாசி பெருகிவிட்டது. வெளிச்சம் கிடைக்காமல் கடற்புல் அழிந்தது. மனாட்டிகள் பசியில் செத்தன. அடுத்தடுத்து இரண்டு குளிர்காலங்களில் அரசே சலாட் இலை போட்டுக் காப்பாற்றிப் பார்த்தது. அது அதிகாரிகள் செய்த அவசர வேலை. நாங்கள் செய்யக் கூடாது. 2021-22இல் எடுத்த மதிப்பீட்டின்படி புளோரிடாவில் இருப்பவை 8,350க்கும் 11,730க்கும் இடையில். அவ்வளவுதான்.

இந்த வகை விலங்கு அழிந்தும் போகும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. வட பசிபிக் கடலில் ஸ்ரெல்லர் கடற்பசு என்று இன்னும் பெரிய ஒன்று வாழ்ந்தது. அறிவியலாளர் அதைக் கண்டது 1741இல். இறைச்சிக்காக வேட்டையாடி 1768க்குள் முடித்துவிட்டார்கள். 27 வருடம்தான்.

எங்கள் ஆவுளியாவும் இன்று அருமையாகிவிட்டது. பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வலையில் அகப்பட்டும் இறைச்சிக்காகவும் குறைந்துபோனது. தமிழ்நாட்டு அரசு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரை ஆவுளியாக் காப்பகமாக அறிவித்தது. இலங்கையிலும் அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளில் பலர் அந்தப் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். புளூ ஸ்பிறிங் பலகைப் பாதையில் நின்று மனாட்டியைக் காட்டும்போது, "இதன் சொந்தம் எங்கள் கடலிலும் இருக்கிறது, அதற்குப் பெயர் ஆவுளியா" என்று சொல்லிக் கொடுங்கள்.

போகிறவர்கள் கம்பளிச் சட்டை ஒன்று எடுத்துப் போங்கள், நேயர்களே. மனாட்டி நிறைய வரும் காலை எங்களுக்கும் குளிரும். ஆறுதலாக நின்று பாருங்கள், சத்தம் போடாமல் திரும்பி வாருங்கள். நீங்கள் வந்து போனது அந்த விலங்குக்குத் தெரியாமலே இருந்தால், பயணம் நன்றாக அமைந்தது என்று அர்த்தம்.