பெயரில் தெய்வீகம் ஏது?

(நாமக்கல் வட்டாரத்தில் ஒரு குழந்தைக்குப் பெயர் சூட்டிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று இக்குழந்தைக்குப் பெயரிடக் கூடியிருக்கின்றோம். நட்சத்திரம் பார்த்து முதலெழுத்துச் சொல்லப் புரோகிதர் வரவில்லை. வேத புத்தகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லப் பாதிரியாரும் வரவில்லை. இதனால் பிள்ளைக்குக் கெடுதி வருமோ என்று சில தாய்மார்கள் பயப்படலாம். ஆகவே பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சிறிது சொல்லுகின்றேன்.

நம் சேலம், நாமக்கல் பக்கத்துக் கிறிஸ்தவத் தோழர்கள் யாக்கோபு, ராகேல், மோசே என்று பெயரிடுகின்றார்கள். இவை பரலோகத்திலிருந்து இறங்கியவையா? எபிரேய மொழியில் ராகேல் என்றால் பெண்ணாடு. தெபொராள் என்றால் தேனீ. யோனா என்றால் புறா. ஆடு மேய்த்த மக்கள் கண்ணெதிரே கண்டதைப் பெயராக வைத்தார்கள். அண்ணன் குதிகாலைப் பிடித்துக்கொண்டு பிறந்ததால் யாக்கோபு என்று ஆதியாகமம் காரணம் கூறுகின்றது. நம் ஊரில் முன் பிள்ளைகள் தவறிப்போனால், அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்று கூப்பிடவில்லையா? அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மோசேயைப் பாருங்கள். தண்ணீரிலிருந்து எடுத்ததனால் பார்வோன் மகள் அப்பெயரை இட்டாளாம். எகிப்து இளவரசி எபிரேயச் சொல்லைக்கொண்டா பெயரிடுவாள்? 'பிறந்தவன்' என்று பொருள்படும் எகிப்தியச் சொல்லே அது என்றும், துட்மோஸ் என்ற அரசர் பெயரிலும் அதுவே இருக்கின்றதென்றும் ஆராய்ச்சியாளர் பலர் சொல்லுகின்றார்கள். அப்படியானால் பெயர் முந்தியது, கதை பிந்தியது என்றுதானே ஆகின்றது?

இன்னொன்று கேளுங்கள். சவுல் அரசனின் மகன் பெயர் முதலாம் நாளாகமத்தில் எஸ்பால், அதாவது பாகாலின் மனிதன். அதே மகன் இரண்டாம் சாமுவேலில் இஸ்போசேத், அதாவது வெட்கத்தின் மனிதன். பாகால் ஆகாத தெய்வமானபின் ஏடெழுதினவர்கள் பெயரையே மாற்றிவிட்டார்கள் என்பது அறிஞர் கருத்து. 2012ல் இஸ்ரேலில் கிர்பெத் கெயாபா என்னுமிடத்தில் கிடைத்த, சுமார் 3000 ஆண்டுப் பழமையான ஜாடியொன்றில், எஸ்பால் என்ற வேறொருவன் பெயர் பொறித்திருக்கின்றது. மக்கள் வாயில் சாதாரணமாக வழங்கிய பெயர் அது!

நம்மவர் யோக்கியதை என்ன? பிராமணன் பெயர் மங்களமாகவும், சூத்திரன் பெயர் இழிவாகவும் இருக்கவேண்டுமென்று மனு 2ஆம் அத்தியாயம் 31ஆவது சுலோகத்தில் சட்டமே செய்தான். இந்த இழிவு பொறுக்காமல் மதம் மாறி யாக்கோபு ஆனவரை மட்டும் ஊரார் விட்டார்களா? "அதெல்லாம் சரி, முன்னே நீங்கள் என்ன சாதி?" என்றுதானே கேட்கின்றார்கள்! 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவோ, தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இந்துக்களை மட்டும் வைத்தது. 1956ல் சீக்கியரும் 1990ல் பவுத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இன்றும் வெளியில்தான். ஆக, சாதி கூடவே வந்தது, சலுகைதான் நின்றுபோயிற்று.

எனவே தோழர்களே, பெயர் என்பது ஆளைக் கூப்பிட மனிதன் செய்துகொண்ட சாதனம். 1929ல் செங்கற்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட்டொழிக்கத் தீர்மானித்தது அதனால்தான். சாதியைக் காட்டாத, பொருள் விளங்குகின்ற பெயராகப் பார்த்து வையுங்கள்; பெயரை மாற்றியதோடு நில்லாமல், சாதி கேட்கிற வழக்கத்தையும் ஒழியுங்கள். நான் சொன்னதை உங்கள் புத்தியைக்கொண்டு யோசித்து, சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கூறி முடித்துக்கொள்ளுகின்றேன்.