அங்கே இயர் 11, இங்கே எந்த வகுப்பு?

(சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளையோ பெண்ணோ இங்கிலாந்தில் இருக்கிறார்கள். பேரன் ஃபோனில், "தாத்தா, நான் இயர் 10" என்றால் பத்தாம் வகுப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது நம் ஒன்பதாம் வகுப்பு வயது. அங்கே நாலு வயது முடிந்த குழந்தை 'ரிசெப்ஷன்' வகுப்பில் சேரும். ஐந்து முடிந்தால் இயர் 1. இயர் 6 வரை ஆரம்பப் பள்ளி, 7 முதல் 11 வரை செகண்டரி, 12-ம் 13-ம் 'சிக்ஸ்த் ஃபார்ம்'. இந்த இரண்டு வருஷத்திற்கென்றே தனியாகச் சில 'காலேஜ்'கள் உண்டு. பேத்தி காலேஜில் சேர்ந்தாள் என்றதும் பி.ஏ.வா, பி.எஸ்ஸி.யா என்று கேட்டுவிடாதீர்கள்! ஸ்காட்லாந்தில் வகுப்பின் பெயர்களும் பரீட்சைகளும் வேறு. நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அங்கே அரசுப் பள்ளிகளில் குழந்தையை எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதைப் பெரும்பாலும் பிறந்த தேதிதான் தீர்மானிக்கிறது; நம் மார்க் ஷீட் அல்ல. செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு.

இதனால் என்ன சங்கடம் என்று கேட்கலாம். 2010 ஜூனில் பிறந்த பையன் ஒருவன் 2025 மார்ச்சில் இங்கே ஒன்பதாவது முடித்துவிட்டு லண்டன் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பரில் அவன் வயதுக்கு உரியது இயர் 11. ஜி.சி.எஸ்.இ. பரீட்சைக்கான பாடத்தைப் பொதுவாக இயர் 10, 11 என்று இரண்டு வருஷம் நடத்துகிறார்கள். பாதிப் பாடம் முடிந்த வகுப்பில் இவன் நுழைகிறான். அடுத்த மே மாதமே பரீட்சை! கெட்டிக்காரப் பையனும் திணறித்தான் போவான். எட்டாவது முடித்தவுடன் போயிருந்தால் இயர் 10-ல் முதலிலிருந்து படித்திருப்பான். பத்தாவது போர்டு பரீட்சை எழுதிவிட்டுப் போனால், அந்த மதிப்பெண்ணைப் பள்ளி ஏற்றுக்கொள்ளும் பட்சத்தில், இயர் 12-ல் சேரலாம். ஆகவே ஒன்பதாவது முடித்துப் போவதைக் கூடியவரை தவிர்ப்பது நல்லது.

ஜி.சி.எஸ்.இ. என்பது 1988-ல் பழைய ஓ லெவலுக்குப் பதிலாக வந்தது. 2017 முதல் படிப்படியாக எழுத்துக்குப் பதில் எண்ணில் கிரேடு கொடுக்கிறார்கள். 9 தான் உச்சம், 4 பாஸ். பேத்தி "9 வாங்கினேன்" என்றால் "நூற்றுக்கா?" என்று கேட்காமல் ஆசீர்வாதம் பண்ணுங்கள்.

அடுத்தது ஏ லெவல். நம் பன்னிரண்டாவதற்குச் சமம். ஆனால் பெரும்பாலோர் மூன்றே பாடங்கள்தான் எடுக்கிறார்கள். பதினாறு வயதில் செய்கிற இந்தத் தேர்வில்தான் மேற்படிப்பின் பாதை தீர்மானமாகிறது. பிற்பாடு இந்தியாவில் டாக்டருக்குப் படிக்கும் எண்ணம் இருந்தால் பௌதிகம், ரசாயனம், உயிரியல் மூன்றையும் எடுத்துக்கொள்வதே பத்திரம். இங்கே சேர்வதற்குச் சமநிலைச் சான்றிதழ் கேட்கக்கூடும். இங்குள்ள கல்லூரியின் விதிகளை இயர் 11-லேயே படித்துப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று. அங்கே பல்கலைக்கழகத்துக்கு ஏ லெவல் முடிவு வருமுன்பே விண்ணப்பிக்கிறார்கள். இவ்வளவு கிரேடு வாங்குவான் என்று ஆசிரியர் கணித்துக் கொடுப்பதை வைத்துத்தான் இடம் கொடுப்பார்கள். ஆகஸ்டில் முடிவு வந்த பிறகே அது உறுதியாகும். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் இவற்றுக்கு அக்டோபர் 15-க்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். எனவே இயர் 12-ஐ லேசாக எண்ணக் கூடாது.

வெளிநாடு கிளம்ப நாள் நட்சத்திரம் பார்க்கிறோம். அப்போது குழந்தையின் பிறந்த தேதியையும் ஒரு முறை பார்த்துவிட்டு டிக்கெட் வாங்கும்படி உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.